துண்டுச் சீட்டு

மூன்று வருஷம், வாரத்துக்கு எட்டு ஆட்டம்.
ஆயிரத்து இருநூறு தடவைக்கு மேல்
அந்தத் தந்தியைப் பிரித்திருக்கிறேன்.
ஒவ்வொரு தடவையும் அதில் என் அண்ணன் செத்திருக்கிறான்.
காய்ச்சலோடு பிரித்தேன்.
பல் பிடுங்கிய பஞ்சைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பிரித்தேன்.
கணுக்கால் வீங்கிய வாரம்
பாத்திரத்துக்கே ஒரு ஊன்றுகோல் கொடுத்துவிட்டார்கள்.
விமர்சகர் ஒருவர் அதை நுட்பம் என்று எழுதினார்.

சம்பளச் சீட்டின் அடியில் சின்னக் கட்டம்:
சேர்ந்த விடுப்பு.
ஆளில்லாத லிஃப்டின் எண்போல
அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.
மேடை மேலாளர் இங்க்ரிட் கேட்பாள்,
"எடுக்கவே மாட்டாயா? சம்பளம் உண்டுதானே?"
சம்பளம் உண்டு.
வென்டலும் உண்டு.

வென்டல் ப்ரூக்ஸ். என் பாத்திரத்துக்கு மாற்று.
பக்கத்திரை இருட்டில் நிற்பான், உதடு மட்டும் அசையும்,
என் வசனத்தை எனக்கு அரை நொடி முன்னால் முடிப்பான்.
நல்லவன். சட்டைப்பையில் எப்போதும் இருமல் மாத்திரை,
எனக்குத் தருவதற்கு.
(யோசித்தால், தன் பிழைப்பில்
தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவன்.)

பிப்ரவரியில் ஆன்டன் ஒரு காகிதத்தோடு வந்தான்.
இரண்டாம் வகுப்பு நாடகம். புதன்கிழமை, மதியம் இரண்டு மணி.
அவன் மேகம். இடது பக்கத்து மேகம்.
ஒரே ஒரு வசனம்:
"எனக்கு ரொம்ப கனமாக இருக்கிறது."
புதன் மதியம் இரண்டு மணிக்கு எங்களுக்கும் ஆட்டம்.
படிவம் வாங்கி, காரணம் என்ற இடத்தில்
குடும்பம் என்று எழுதி, அடித்துவிட்டு
மேகம் என்று எழுதினேன்.
இங்க்ரிட் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

புதன் விடியற்காலை ஆன்டனுக்கு நூற்றிரண்டு டிகிரி.
எட்டரைக்குப் பள்ளிக்கு போன் செய்தேன்.
"கவலைப்படாதீர்கள்," என்றார் மிஸ் காஸ்டெல்லானோ,
"ஒடெட்டுக்கு எல்லார் வசனமும் தெரியும்."
எங்கே போனாலும் ஒரு ஒடெட் தயாராக இருக்கிறாள்.

அஸ்டோரியாவில், மூன்றாம் மாடியில் படுத்துக்கிடந்தோம்.
ரயில் போகும்போதெல்லாம்
தண்ணீர் டம்ளரில் ஸ்பூன் சிணுங்கியது.
மணி இரண்டு.
இரண்டு மேடைகளுக்கு
இந்தக் கட்டிலிலிருந்து ஆள் போகவில்லை.

"நீ இப்படிப் படுத்திருக்கறதுக்குக் காசு தருவாங்களா?"
"தருவாங்க."
"எனக்கு?"
கால் டாலர் ஒன்றை எடுத்து
அவன் உள்ளங்கையில் வைத்தேன். கை சுட்டது.
வெகுநேரம் கழித்துச் சொன்னான்,
"என் மேகம் ஒடெட்டுக்குப் பெரிசு. அவ குள்ளம்.
முழங்காலுக்குக் கீழே தொங்கும்."

மூன்று பத்துக்கு என் கட்டைவிரல் தானாகவே
போர்வை ஓரத்தைப் பிரிக்கப் பார்த்தது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
அண்ணன் செத்துக்கொண்டிருந்தான்,
முதல் தடவையாக நான் இல்லாமல்.
நிகழ்ச்சி ஏடுகளிலிருந்து வெள்ளைத் துண்டுச் சீட்டுகள்
மடியில் உதிர்ந்திருக்கும்: இன்றைய ஆட்டத்தில் மட்டும்.
ஆறு மாதம் முன்பே டிக்கெட் எடுத்த யாரோ ஒருத்தி
உச்சுக் கொட்டியிருப்பாள்.
யாரோ ஒருவர் அதில்
சூயிங்கத்தைச் சுற்றியிருப்பார்.

ஐந்து மணிக்கு இங்க்ரிட்டிடமிருந்து செய்தி:
எல்லாம் நன்றாகப் போனது.
தந்திக் காட்சியில் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

தந்திக் காட்சியிலா.

அப்படியானால் இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது,
நான்தான் அதன்மேல் காலை ஊன்றி நின்றிருக்கிறேன்.
எந்தச் சொல்லில்? பிரிக்கும் முன்பா?
சூப் ஆறும்வரை, பள்ளிக் காகிதத்தையே தந்தியாக்கி
சமையலறையில் சொல்லிப் பார்த்தேன்.
வேகமாக. மெதுவாக. மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு.
காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து,
புரியாமல், மரியாதையோடு, முழுவதையும் வாசித்து

கதவோரம் போர்வையோடு நின்ற ஆன்டன் சிரித்தான்,
சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி.
கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
"யாரு செத்தது?" என்றான்.
பிறகு, "மறுபடி செய்."